நூல் கட்டிய முனை

டாக்டருக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. மூன்று ஆஸ்பத்திரிகளில் ‘எடுத்துவிட வேண்டியதுதான்’ என்று கைவிரித்த ஒரு காலை அவள் இன்று நிறுத்திக் காட்டப்போகிறாள். காலுக்குச் சொந்தக்காரி, கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவள். தினமும் ஏணி ஏறி, பதினைந்து மாடி உயரத்தில் உட்கார்ந்து இரும்பைத் தூக்கி வைக்கிறவள். ஒரு நாள் கீழே நின்றபோது அந்த இரும்பில் ஒன்று சரிந்து, முழங்காலுக்குக் கீழே சதையை வாரிக்கொண்டு போய்விட்டது.

“ஏணி ஏறணும் டாக்டர். சும்மா நடந்தா பத்தாது,” என்று கண்டிஷன் போட்டுவிட்டுத்தான் மயக்க மருந்துக்குக் கண்ணை மூடினாள். டாக்டருக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

முதுகிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குச் சதையை அதன் ரத்தக்குழாயோடு எடுத்துக் காலில் வைத்து, காலின் குழாயோடு தைக்க வேண்டும். திரும்பிப் போகும் ரத்தத்துக்குப் பக்கத்திலேயே நல்ல சிரை கிடைத்தது. ரத்தம் கொண்டுவரும் தமனிதான் எட்டவில்லை. அடிபட்ட இடத்தில் அது நைந்து கிடந்தது. நடுவில் ஒட்டுப்போட, இன்னொரு காலிலிருந்து ஒரு சிரையை எடுக்கும் வேலை கொழுந்தனுக்கு.

டாக்டருடைய கணவனின் தம்பி. பதினைந்து வருஷம் வேறு ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்துவிட்டு, போன மாதம்தான் இங்கே வந்தான். தியேட்டருக்குள் ‘டாக்டர்’, வீட்டுக்குப் போனால் ‘அண்ணி’ என்று இருவருக்கும் ஒப்பந்தம்.

அவன் எடுத்து வைத்த சிரையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. “இவ்ளோ நீளமா? கயிறா திரிக்கப் போறோம்?”

“வெட்டிக்கிறது உங்க இஷ்டம். பத்தலன்னு திரும்ப என்னை அனுப்பாதீங்க.”

அவள் பாதியை வெட்டிக்கொண்டு, “மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடுங்க,” என்றாள்.

“கடைசித் தையல் போடுற வரைக்கும் என் தட்டுலேர்ந்து ஒண்ணும் வெளிய போகாது,” என்றார் தியேட்டர் நர்ஸ். அவருக்குக் கறாரம்மா என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? மிச்சத் துண்டு உப்புநீர்க் கிண்ணத்தில் கிடந்தது.

சிரைக்குள் குட்டிக் கதவுகள் உண்டு. பாதத்திலிருந்து மேலே போகும் ரத்தத்துக்குத் திறக்கும். எதிரே வந்தால் பட்டென்று சாத்திக்கொள்ளும். அதனால் கணுக்கால் பக்கத்து முனையை ரத்தம் வரும் பக்கமாகத் திருப்பித் தைக்க வேண்டும். எது எந்த முனை என்று தெரிவதற்காகத்தான் எடுக்கிறவர் ஒன்றில் நூல் கட்டிவிடுவார்; இங்கே அது எப்போதும் கணுக்கால் முனை. உப்புநீரை ஒருமுறை ஓடவிட்டும் பார்க்கலாம். அவள் பார்க்கவில்லை. அவசரம் எதுவும் இல்லை, சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, அவ்வளவுதான். நூல் கட்டிய முனையை ரத்தம் வரும் மேல்பக்கம் வைத்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டிக்கொண்டு, முடியைவிட மெல்லிய நூலால் தைக்க ஆரம்பித்தாள். கை அப்படிப் பேசியது!

முக்கால் மணி நேரம். ரத்தத்தை நிறுத்திவைத்திருந்த கிளிப்பை எடுத்தாள். சதை இப்போது சிவக்கும்.

சிவக்கவில்லை.

ஒரு நிமிஷம் போயிற்று. மூன்று நிமிஷம் போயிற்று. சதை வெளிறியே கிடந்தது. மேல் தையல் துடிக்கிறது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ரத்தம் இல்லாமல் அந்தச் சதை இன்னும் ஒன்றரை மணி நேரம் தாங்கலாம். அது போனால் காலும் போய்விடும். ஏணி, பதினைந்து மாடி எல்லாம் அவள் கண்முன் வந்து போயின.

“அண்ணி.” கொழுந்தன் ஒப்பந்தத்தை மறந்துவிட்டான். “நூல் கட்டுன முனைய எந்தப் பக்கம் வெச்சீங்க?”

“மேலதான். கணுக்கால் முனை மேல.”

“நான் தொடை முனையில கட்டினேன். எங்க பழைய ஆஸ்பத்திரில அப்படித்தான்.”

இவ்வளவுதானா! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கதவைத் தலைகீழாக மாட்டிவிட்டு, ரத்தம் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“கேக்காதது என் தப்பு,” என்றாள்.

“சொல்லாதது என்னோடது. சண்டைய வீட்ல வெச்சுக்கலாம் அண்ணி. பிரிங்க!”

பிரித்தாள். தைத்த துண்டின் இரண்டு முனையும் நைந்துவிட்டன; வெட்டிச் சீராக்கினால் எட்டாது. அவள் தலை நிமிர்வதற்குள் கறாரம்மா அந்தக் கிண்ணத்தை நீட்டினார். இந்த முறை உப்புநீரை விட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் தடுத்தது, மறுபக்கம் சரசரவென்று ஓடியது. “இதுதான் மேல,” என்று மூன்று பேரும் சத்தமாகச் சொன்ன பிறகுதான் ஊசியை எடுத்தாள்.

கிளிப்பை எடுத்ததும் சதை சிவந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு, பிறகு முழுவதும். வெட்டிய விளிம்பில் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசிந்தது. கறாரம்மாவே “அப்பாடா!” என்று வாய்விட்டுச் சொன்னார்.

வெளியே கிரேன்காரியின் புருஷன் காத்திருந்தான். தையல்காரன், விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. டாக்டர் அவனிடம் எதையும் மறைக்கவில்லை. முனை மாறியதையும் பிரித்துத் தைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கத்துவான், கத்தட்டும் என்றுதான் நின்றாள்.

அவன் தன் விரல் நுனியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு, “பிரிச்சுத் தெச்சா துணி பத்தாதே. எப்படி பத்துச்சு?” என்று கேட்டான்.

இந்தக் கேள்வி தியேட்டருக்குள் அவளை வதைத்த கேள்வி. பக்கத்தில் நின்ற கொழுந்தனைக் காட்டினாள். “இவர் தேவைக்கு மேலயே எடுத்து வெச்சிருந்தார். நான் கிண்டல் பண்ணினேன்.”

தையல்காரன் கொழுந்தனின் கையைப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை.

சாயங்காலம் அவனை உள்ளே கூட்டிப்போனாள். பேனா மாதிரி ஒரு கருவியைப் புதுச்சதைமேல் வைத்தாள். அறை முழுக்க ‘உஷ், உஷ்’ என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. கட்டிலில் பாதி மயக்கத்தில் கிடந்தவள் கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

“என்னங்க அது சத்தம்?”

“நீ ஏணி ஏறுற சத்தம்டி,” என்றான் அவன்.