கேக்கில் வழித்த ஊர்

கேக்கை வெட்டக் கத்தியோடு போனபோதுதான் கவனித்தேன், சிகாகோவைக் காணோம்.

என் பேரைப் போட்டு பேக்கரியில் நானே எழுதிக்கொடுத்த வாசகம் அது: ‘வாழ்த்துகள் சிக்ரிட், அடுத்து சிகாகோ!’ இப்போது முதல் பாதி மட்டும் இருந்தது. மிச்சத்தை யாரோ கரண்டியால் வழித்து, மேலே வெள்ளை கிரீமை இழுத்துப் பூசியிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு பல்கலைக்கழகத்தையே மறைத்துவிட்டார்கள்.

எங்கள் ஏரிக்கரையில் பிள்ளை பள்ளி முடித்தால் கார் கொட்டகையைக் கழுவிவிட்டு அதிலேயே விருந்து வைப்பார்கள். பன்றி இறைச்சி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், சின்ன வயசுப் படங்கள் ஒட்டிய பலகை, கேக். கேக்கில் ஊர் பேர் இல்லையென்றால் அந்தப் பிள்ளை எங்கேயும் போகவில்லை என்று அர்த்தம்.

எதிர்க்கரை வெர்னா அத்தை தட்டோடு வந்து நின்றாள். “என்னடி, ஒரு வருஷம் கழிச்சுத்தான் காலேஜ் போறியாமே? நல்லதுதான். பணக்காரப் பிள்ளைங்க எல்லாம் இப்ப அப்படித்தான் ஊர் சுத்துதுங்களாம். நீ எந்த ஊருக்குப் போறே?”

“யாரு சொன்னா?”

“உங்கம்மாதான்.”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் கசப்பான சேதியை முகத்துக்கு நேரே சொல்லவே மாட்டார்கள். நாலு பேரிடம் சொல்லிவைப்பார்கள், அது ஊரைச் சுற்றிவிட்டு நம்மிடம் வந்து சேரும். அம்மா காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே போனேன்.

“மெதுவாப் பேசுடி, ஆளுங்க இருக்காங்க,” என்றாள். “விருந்து முடியட்டும்னுதான் சொல்லல. ஒரு வருஷம் தள்ளி வெக்கச் சொல்லிக் காகிதம் அனுப்பியாச்சு. உன் இடம் அப்படியேதான் இருக்கும்.”

“என் கையெழுத்து வேணுமே. யாரு போட்டா?”

அம்மா காபி ஜாடியின் மூக்கைத் துடைத்தாள். மூன்று தடவை துடைத்தாள்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். “இலையுதிர் காலத்துல அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். வாடகைக்கு விடற ஆறு கேபின் இருக்கு, தூண்டில் கடை இருக்கு. யாரு பாத்துக்கறது? ஒரே ஒரு வருஷம்தானே. டாரலும் அப்படி இருக்கலையா?”

“அண்ணன் எட்டு வருஷமா இருக்கான்!”

கொட்டகையில் எல்லாருடைய முள்கரண்டியும் நின்றது. யாரோ, “மழை வரும்போல இருக்கே,” என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

என் அண்ணன் டாரலுக்கு மேடிசன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. முதல் வருஷம் அப்பாவின் இடுப்பு வலிக்காகத் தள்ளி வைத்தான். இரண்டாம் வருஷம் கேபின் கூரைக்காக. மூன்றாம் வருஷம் பல்கலைக்கழகமே கடிதம் போடுவதை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து மீன் பிடிக்க வருகிறவர்களுக்குப் புழு விற்கிறான். அவனுடைய விருந்துப் படமும் அந்தப் பலகையில் இருக்கிறது. ‘அடுத்து மேடிசன்!’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில், வாயெல்லாம் கிரீமோடு பத்து வயசு நான்.

டாரல் தூண்டில் கடைக்குள் போனான். ஒரு கவரோடு திரும்பி வந்தான். ஈரமாக இருந்தது, புழுப்பெட்டி நாற்றம் அடித்தது. ஸ்டாம்பில் முத்திரை விழவில்லை.

“அம்மா போன வாரம் தபால்ல போடச் சொன்னாங்க,” என்றான். “போடல. புழு ஃபிரிட்ஜுல அடியில வெச்சிருந்தேன்.”

“டாரல்!” என்றாள் அம்மா.

“அன்னைக்கு என்னோட காகிதத்த நானேதான் போய்த் தபால்ல போட்டேன்,” என்றான் அவன், யாரையும் பார்க்காமல்.

நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. “ஒரு வாரமா உனக்குத் தெரியுமா? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?”

கவரைப் பிடுங்கிக் கிழித்தேன். உள்ளே என் கையெழுத்து, என்னுடையதைவிட அழகாக. அதையும் கிழித்தேன். பன்னுக்கு வைத்திருந்த கடுகு சாஸ் பாட்டிலை எடுத்து, பூசி மெழுகிய வெள்ளைக்கு மேலேயே மஞ்சளாக எழுதினேன்: சிகாகோ.

“கேக்கைக் கெடுக்காதே,” என்றார் அப்பா.

“கெடுத்தவங்க நீங்க. செப்டம்பர்ல நான் போறேன். ஆபரேஷனுக்கு ஆளை வெச்சுக்குங்க.”

வெர்னா அத்தை கேக்கை எட்டிப் பார்த்து, “வித்தியாசமா இருக்கு,” என்றாள். எங்கள் ஊரில் அதைவிட மோசமான வார்த்தை கிடையாது.

கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. பாட்டிலை டாரலிடம் நீட்டினேன். “உன் ஊரையும் எழுதுண்ணே.”

“போடி பைத்தியம்.”

“எழுது. உனக்கு இருபத்தாறுதான் ஆகுது.”

வாங்கினான். குனிந்தான். பாட்டிலின் மூக்கு கேக்குக்கு மேலே வந்து நின்றது.

கடை வாசலில் மணி அடித்தது. யாரோ புழு வாங்க வந்திருக்கிறார்கள்.

“டாரல்,” என்றார் அப்பா. அதட்டவில்லை, கெஞ்சவில்லை, பழக்கத்தில்தான் சொன்னார்.

டாரல் பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

கேக்கில் அவன் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு மஞ்சள் சொட்டு விழுந்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி அப்பாவின் தட்டில் வைத்தேன்.