இரண்டு தட்டு

...தாளில் கஞ்சி வேளை எழுதியாச்சு, ஒருக்களித்துப் படுக்கவைக்கிற நேரம் எழுதியாச்சு, வெந்நீர்ச் சூடு எழுதியாச்சு, வலிப்பு மாத்திரை பத்து மணி, தவறவே கூடாது என்று சிவப்பு மையில் எழுதியாச்சு, பிறகு ஏன் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தமாதிரி இருக்கிறது என்று அண்ணனூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஜெயசீலி யோசித்தாள், மடியில் அக்கா பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு வாங்கிய வெள்ளைக் கவுன், மாமனார் படுக்கையில் விழுந்த இந்த மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒரு நாள் முழுக்க வெளியே... நிஜந்தானா, மூன்றா? கணவனுக்கு ஞாயிறும் டூட்டி, அதனால் நாத்தனார் ஹெலினா வேலப்பன்சாவடியிலிருந்து வந்து, எழுதிய தாளை வாங்கிக்கொண்டு, "நீ கெளம்பு அண்ணி, எங்கப்பா எங்கிட்ட கொழந்தை மாதிரி இருப்பாரு" என்றாள். எங்கிட்ட... அது சுருக்கென்றது, துணி மாற்றுகிற நாளெல்லாம் எங்கே போயிருந்தாளாம்? சே, அவளுக்கும் வேலை, பிள்ளைகள், பாவம்... மாமா மின்சார ரயில் ஓட்டியவர், கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு இரண்டு முறை மணி அடித்தால்தான் வண்டியை எடுப்பார், இப்போது பெற்ற மகன் பெயர் மறந்துபோயிற்று, மணி மறக்கவில்லை, மாத்திரையை நாக்கில் வைத்து டம்ளரில் ஸ்பூனால் இரண்டு தட்டு தட்டினால் மடக்கென்று விழுங்குவார், அதை ஜெயசீலி கண்டுபிடித்த அன்று மாமாவும் அவளும் சிரித்த சிரிப்பு...

போன். "அண்ணி, மணி பதினொண்ணு ஆவுது, மாத்திரைய துப்பிக்கினே கீறாரு, இன்னா கெஞ்சியும் முழுங்கல, எம்மேல எல்லாம் கஞ்சி..." ஹெலினாவின் குரல் உடைந்தது, "எப்டி அண்ணி தெனம் தெனம் நீ ஒருத்தியா..." இந்தக் கேள்வியை ஒருவர் கேட்க மூன்று வருஷம் ஆனதே, கண் ஏன் இப்படிக் கரிக்கிறது, ஸ்டேஷனில் எல்லோரும் பார்க்கிறார்கள்... "அழாதடி. ஸ்பூனால டம்ளர்ல ரெண்டு தட்டு தட்டு." டிங், டிங். ஜெயசீலி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "முழுங்கிட்டாரு அண்ணி! என்னப் பாத்து சிரிக்கிறாரு! இத ஏன் எழுதல?" "மறந்துட்டேன்டி."

வண்டி வந்தது, ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது, நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனாலும் அவளைப் பார்த்தும் சிரித்தாராமே... கடைசிப் பெட்டியில் கார்டு மணி அடித்திருப்பார், வண்டி நகர்ந்தது, ஃபேனை இரண்டுக்கு மேல் வைக்காதே என்றுகூட எழுதிய கை, இருபத்தாறு வரி எழுதிய கை, அந்த இரண்டு தட்டை மட்டும் மறந்துதான் போனதா...