எழுந்து சிரித்த ஷாட்

அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் வயர் எட்டவில்லை. கோகுல் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக வேறொரு வயரை வாங்கிச் செருகிக்கொண்டிருந்தபோது, அம்மா பூமாரி அழுகையை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள். காலை ரயிலில் அவன் வந்து இறங்கியதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

"ஏலே, அப்பா எந்திச்சு சிரிச்சத எடுத்தாவல்லா? அது எங்கன இருக்கு?"

எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

போன வருஷம் இங்கே சங்கரன்கோவிலில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. சென்னையில் எடிட்டிங் உதவியாளனாக இருக்கும் கோகுலும், எடுத்ததை அங்கேயே வெட்டி ஒட்டிப் பார்க்க லேப்டாப்போடு வந்திருந்தான். அன்றைக்கு ஒரு சாவுக் காட்சி. பிணமாகப் படுக்க வேண்டியவர் வரவில்லை. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட, எங்கப்பா படுப்பார் சார் என்று முந்திக்கொண்டு சொன்னவன் இவன்தான். டைரக்டரிடம் நல்ல பேர் வாங்குகிற ஆசை, வேறென்ன?

அப்பா மூக்காண்டி தறிக் கூடத்திலிருந்து வந்தவர் வந்தபடியே மாலையைப் போட்டுப் படுத்துவிட்டார். பூமாரிதான் கூடாதென்று ஒற்றைக்காலில் நின்றாள். உயிரோடு இருக்கிற மனுஷன் நெற்றியில் காசு வைப்பதாவது! சினிமாக்காரர்களிடம் அதற்கும் ஒரு பரிகாரம் இருந்தது. பிணமாக நடித்தவர் கடைசியில் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுத்துவிட்டால் தோஷம் கழிந்துவிடும். மூக்காண்டியும் எழுந்து, வெற்றிலைக் கறைப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் பூமாரி வீட்டுக்குப் போனாள்.

படத்தில் அந்தக் காட்சி வரவில்லை. நீளம் குறைக்கும்போது தூக்கிவிட்டார்கள். தியேட்டரில் கடைசிவரை உட்கார்ந்து பார்த்த மூக்காண்டி, தான் ரொம்பத் தத்ரூபமாகச் செத்துவிட்டதால் பயந்துபோய்த் தூக்கிவிட்டார்கள் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். நேற்றுச் சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

"அந்தச் சிரிப்ப ஒரு தடவ காட்டு மக்கா," என்றாள் பூமாரி. "கழிஞ்சிட்டுன்னு எனக்குத் தெரியணும்."

மூன்று மணிக்கு உடலை எடுப்பதாகப் பேச்சு. கோகுல் தெருவுக்கு வந்து, கூட வேலை பார்க்கும் செல்வக்குமாருக்குப் போன் போட்டான். படம் வெளியானதுமே எடுத்ததையெல்லாம் அழித்து, ஹார்டு டிஸ்க்கை அடுத்த படத்துக்குக் கொடுத்தாயிற்றாம். முதல் ரஃப் கட் மட்டும் ஒரு மூலையில் கிடக்கிறது, அந்தக் காட்சியை அனுப்புகிறேன் என்றான். கோகுலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரஃப் கட் அரைவேக்காட்டுப் படம். அதில் இசை இருக்காது, டப்பிங் இருக்காது, ஷாட்டுகளின் வால் சரியாக நறுக்கப்படாமல் நீட்டிக்கொண்டிருக்கும். சிரிப்பு அந்த வாலில் இருக்கும்.

அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்து, ஈர வேட்டியோடு திரும்பியபோது வீடியோ வந்திருந்தது. தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அது தோன்றாமல், நேரே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஓடவிட்டான்.

மூக்காண்டி மாலையோடு கிடந்தார். அவர் தலைக்கு மேலே நேரம் காட்டும் எண்கள் ஓடின. "கட்" என்றது டைரக்டரின் குரல். "அண்ணாச்சி, எந்திரிச்சு சிரிங்க." மூக்காண்டி கண்ணைத் திறந்தார். வலது முழங்கையைத் தரையில் ஊன்றினார். தலையைக் கொஞ்சம் தூக்கினார். உதடு பிரிந்தது. திரை இருட்டாகிவிட்டது.

"மேல போடு."

"அவ்வளவுதாம்மா."

"எந்திக்காவல்லா. மேல போடுலே."

"இல்லம்மா. அதோட வெட்டியாச்சு."

"யாரு வெட்டுனா?"

பொய் சொல்லியிருக்கலாம். டைரக்டர் மேல் போட்டிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"நாந்தாம்மா."

அவசரத்தில் வெட்டிய வெட்டு. அப்புறம் ஒழுங்கு பண்ணிக்கொள்ளலாம் என்று விட்டது. இன்னும் இரண்டே வினாடி விட்டிருந்தால் அப்பா சிரித்திருப்பார். தன் கையைத் தானே ஒடித்துக்கொள்ளலாம் போலிருந்தது கோகுலுக்கு. பூமாரி அவன் கையிலிருந்து போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வாய்க்கரிசி போட்டு முடிந்தது. நாலு பேர் பாடையைத் தூக்கினார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பெரியவர் ஒருவர் கோகுலிடம் சொல்லி அனுப்பினார். தெருமுனையில் கொட்டு ஒரு நிமிஷம் ஓய்ந்தபோது, வீட்டுப் பக்கமிருந்து அந்தக் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, எந்திரிச்சு சிரிங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஓடியது.

கோகுல் நடந்துகொண்டிருந்தான்.