தோளில் விழுந்த விரிசல்

தையல் கூடத்தின் உத்தரத்தில் விழவேண்டிய விரிசல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அந்த உத்தரத்துக்குக் கணக்குப் போட்ட பொறியாளரின் இடது தோளில் விழுந்தது. சரியாக நாற்பத்தைந்து பாகைச் சாய்வு. ரத்தம் வரவில்லை, சிமெண்ட் தூள் உதிர்ந்தது. மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காரணம் பொறியாளருக்குத் தெரியும். கட்டடம் பாதி எழும்பிய பிறகு, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்றார் முதலாளி. பொறியாளர் உத்தரத்தின் நடுவில் வளைந்து உடையுமா என்று வளைவுத் தகைவை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தார், தாங்கியது. தொட்டி உட்காரப்போவதோ ஓரத்தில், தூணை ஒட்டி. அங்கே உத்தரம் வளைந்து உடையாது. கத்தரியில் அகப்பட்ட துணியைப் போல வெட்டுப்படும். அந்த வெட்டு விசையைப் பழைய தாளில் இருந்தபடியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானம் அவருக்கு நல்ல பசி, அவ்வளவுதான். வேலை தொடங்கியபின் அந்த உத்தரத்துக்கு நேர் கீழே முப்பத்தாறு பெண்கள் தைத்தார்கள். அதில் ஒருத்தி அவர் தங்கை.

முதலாளியிடம் போய்ச் சட்டையைக் கழற்றிக் காட்டினார். முதலாளி அவர் தோளை விட்டுவிட்டு அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். "பீம்ல ஒரு கீறல்கூட இல்லையே சார். நீங்க உடம்பைப் பாத்துக்குங்க" என்றார். தொட்டியைக் காலி செய்யச் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தங்கையையாவது வேலையை விடவைக்கலாம் என்று பார்த்தால் அவளும் மசியவில்லை. "நான் மட்டும் எழுந்து வந்துட்டா, பக்கத்துல உக்காந்திருக்கறவ தலையில விழட்டுமாண்ணா?" என்று கேட்டாள். பொறியாளருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆறு வருடம் தாங்கினார். தொட்டி நிரம்பும் காலை வேளையில் உயிர் போகும். மாலையில் தண்ணீர் இறங்கினால் கொஞ்சம் தேவலை. படுக்கையில் கொட்டிய தூளைத் தங்கை தினமும் கூட்டி அள்ளினாள். விரிசல் விலாவைத் தாண்டி இடுப்பைத் தொட்டதும், தமக்கு மிச்சமிருக்கும் நாட்களைக் கணக்குப் போட்டார். இந்த முறை எதையும் விடவில்லை. பத்து வந்தது. பத்து நாளும் முதலாளி வீட்டுக் கதவைத் தட்டினார், திறக்கவில்லை. மறுநாள் காலை இரண்டாகப் பிளந்து கிடந்தார்.

அடக்கம் முடிந்து கூடம் திறந்தபோது தங்கைதான் முதலில் உள்ளே போனாள். விஷயம் தெரிந்த மற்றவர்கள் வாசலில் நின்று மேலே பார்த்தார்கள். உத்தரம் வழவழவென்று இருந்தது. எல்லோரும் உட்கார்ந்த அரைமணி நேரத்தில், முப்பத்தாறு இடது தோள்களிலும் மயிரிழை அகலத்துக்குக் கீறல் ஓடியது. பாரம் சமமாகப் பிரிந்துவிட்டதால் ஒருத்திக்கும் அப்படியொன்றும் வலிக்கவில்லை. தூளைத் தட்டிவிட்டுத் தைத்தார்கள். உத்தரம்தான் இவ்வளவு உறுதியாக இருக்கிறதே என்று அந்த வருடக் கடைசியில் முதலாளி இரண்டாவது தொட்டியும் வைத்தார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் தங்கை முதல் நாளே சொல்லிவிடுவாள்: "ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் தூள் கொட்டும். அப்புறம் பழகிடும்."