பிறப்புக்கு எதிரே

குடியரசு வந்த மறுவருஷம் மைசூரில், பிறக்க வேண்டிய சில குழந்தைகள் ஒரு பெயர்ப்பலகைக்குக் கட்டுப்பட்டுப் பிறக்காமல் இருந்துவிட்டன. ஆலைக் குடியிருப்பின் ஓரத்தில் கர்ப்பிணிகளுக்கென்று சின்ன ஆஸ்பத்திரி ஒன்று திறந்தபோது, நர்ஸ் ரோசலின் பெயின்டர் சந்திரனைக் கூப்பிட்டு, ‘ஆன்டிநேட்டல்’ என்றால் பிறப்புக்கு முன்னால் என்று அர்த்தம், தமிழிலும் எழுதிவிடு என்றாள். கன்னடப் பள்ளியில் படித்த சந்திரனுக்கு முன்னால் நிற்பதும் எதிரே நிற்பதும் ஒன்றுதான். ‘பிறப்புக்கு எதிரான நிலையம்’ என்று நீல எழுத்தில் எழுதி, ஓரத்தில் ஒரு தாமரையும் வரைந்தான். தாய்மார்களுக்குப் படிக்கத் தெரியாது. வயிற்றில் இருந்தவற்றுக்குத் தெரிந்திருந்தது.

பத்தாம் மாதம் கழிந்து, தசரா வந்து போயிற்று; யாருக்கும் வலி எடுக்கவில்லை. வயிற்றுக்குள் துடிப்பு நன்றாகவே கேட்டது. பெரிய டாக்டர்கள் வந்து பார்த்து, தேதியைத் தப்பாகச் சொல்கிறார்கள் என்று காபி குடித்துவிட்டுப் போனார்கள். பஸ் கண்டக்டர்கள் அந்தப் பெண்களுக்கு இரண்டு இருக்கை விட்டுக்கொடுக்கப் பழகினார்கள். ராமாபுரத்து மாரியம்மாவால் மட்டும் பழக முடியவில்லை. முதல் குழந்தையைப் பறிகொடுத்தவள் அவள். இதை உன் மடியில் போடுவேன் என்று ரோசலின் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

ரோசலினுக்குத் தமிழ் பேச்சுதான், படிப்பது எழுத்துக்கூட்டித்தான். ஒருநாள் மழைக்குப் பலகையின் கீழ் ஒதுங்கியபோதுதான் முழுசாகப் படித்தாள்.

“என்னப்பா சந்திரன், பிள்ளைங்களை வராதீங்கன்னு எழுதி வெச்சிருக்கே?”

“நீங்கதானே சிஸ்டர் முன்னாலன்னீங்க. எதிர்ல நின்னா முன்னாலதானே?”

அன்றே ‘பிறப்புக்கு முன் கவனிப்பு’ என்று மாற்றினான். குழந்தைகள் அசையவில்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு மாரியம்மா சொன்னாள்:

“ஏனுங் சிஸ்டரம்மா, முன்னாலன்னு மட்டும் போட்டா, அது முன்னாலயேதானுங்க உக்காந்திருக்கும். அப்புறம் எங்க வர்றதுன்னு அதுக்குத் தெரிய வேண்டாமுங்களா?”

ரோசலின் சாமான் அறையைக் காலிசெய்தாள், தன் புடவையில் தூளி கட்டினாள், அந்த அறை வாசலில் ‘பிறப்புக்குப் பின் கவனிப்பு’ என்று எழுதவைத்தாள். மாரியம்மாவைக் கையைப் பிடித்து அதன் கீழ் கூட்டிவந்தாள். பெஞ்சில் உட்காருவதற்குள் வலி கண்டுவிட்டது.

முதலில் வந்தது அவள் பெண்தான். வாய் நிறையப் பல், தோள்வரை முடி. ரோசலின் மடியில் போட்டதும் அது தாயைப் பார்த்து, “அம்மா, ஹசிவு” என்று கன்னடத்தில் பசியைச் சொன்னது.

“தமிழ்ல சொல்லு கண்ணு,” என்றாள் மாரியம்மா. அது சொன்ன பிறகு, ராகிக் களியைச் சின்னதாக உருட்டி ஊட்டினாள்.