பல்செட்காரர் வீட்டு அறைகள்

பல்செட்காரரின் வீட்டில் மூன்றாவது அறை ஒரு வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு முளைத்தது. அதுவரை அங்கே இரண்டே அறைகள்தான். முன்னறையில் அவர் மெழுகை உருக்கி, மாவில் அச்செடுத்து, பல் போனவர்களுக்கெல்லாம் பல்செட் செய்துகொடுத்தார். உள்ளறையில் அவருடைய மனைவி ஏழு மாதம் படுத்துக் கிடந்து இறந்துபோயிருந்தாள். அதற்கப்புறம் அவரைத் தவிர யாரும் அதற்குள் கால் வைத்ததில்லை. யாராவது எட்டிப் பார்த்தால்கூட மனிதருக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

புதன்கிழமையன்று எதிர்வீட்டு மாடி தீப்பிடித்து எரிந்தது. அங்கே தனியாகக் குடியிருந்த நர்ஸ் கட்டிய துணியோடும் நிறைமாத வயிற்றோடும் தெருவில் நின்றாள். தெருவே உச்சுக்கொட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. மெழுகு வாடை போகட்டும் என்று பல்செட்காரர் தன் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றதால் வேறு வழியில்லாமல் போயிற்று. "இன்னைக்கு ஒரு நாள்தாம்மா. நாளைக்கு வேற இடம் பாத்துக்கணும்" என்று கறாராகச் சொல்லி முன்னறையில் படுக்கை போட்டுக் கொடுத்தார். காலையில் பல் தேய்க்கப் போனபோது, நேற்றுவரை வெறும் சுவராக இருந்த இடத்தில் ஒரு நீலக் கதவு இருந்தது. திறந்தால் கட்டில், ஜன்னல், ஜன்னலில் வெயில், மூலையில் ஒரு தொட்டில். வெளியே போய் வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஓர் அங்குலம்கூட மாறவில்லை. அந்தப் பக்கம் தையற்கடைச் சுவர் எப்போதும்போல ஒட்டிக்கொண்டுதான் நின்றது. வந்த அறையைப் போ என்றா சொல்ல முடியும்? நர்ஸை அதில் இருக்கச் சொன்னார். குழந்தை பிறந்தது. வேறு இடம் என்ற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

ஆறு வருஷத்தில் ஒன்பது அறைகள் வந்தன. கால் முறிந்து வேலை போன பஸ் கண்டக்டருக்கு வந்த அறையின் கூரையில் நீளமாக ஒரு கம்பி ஓடியது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினார். காது கேளாத பெயிண்டருக்கும் அவர் மனைவிக்கும் வந்த அறையில், வெளியே யாராவது கதவைத் தட்டினால் விளக்கு தானாக எரிந்தது. பல்செட்காரர் ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் முணுமுணுத்தார். குழந்தை அழுகிறது என்றார், குழாயில் தண்ணீர் நின்றுபோகிறது என்றார். ஒருநாள் பல்லுக்கு மெருகேற்றும்போது, தன் வாயிலிருந்து பாட்டு வருவதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு நிறுத்தினார். அடுத்த நாள் நிறுத்தவில்லை.

ஏழாவது வருஷம், ஆற்றோரத்தில் இருந்த அவருடைய அக்காவின் வீட்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மனைவி படுத்துக் கிடந்த ஏழு மாதமும் ஒருமுறைகூட வந்து பார்க்காத அக்கா. சாவுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு மத்தியானம் நனைந்த பெட்டியோடு வந்து நின்றாள். அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். ஒருநாள் போயிற்று, இரண்டாம் நாள் போயிற்று, கதவு வரவில்லை. கண்டக்டர் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தார். நர்ஸ் அலமாரியை இழுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், அச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"எல்லாருக்கும் கதவு வருதாம். எனக்கு மட்டும் வரலையே தம்பி. இந்த வீட்டுக்கும் எம்மேல கோவம்தான் போல."

அவர் கையிலிருந்த பல்செட்டைக் கீழே வைத்தார். "அவ கடைசி வரைக்கும் உன்னைக் கேட்டுக்கிட்டே இருந்தாக்கா. ஏன் வரல?"

"பயந்துட்டேன்டா. அம்மா அப்படித்தான் கெடந்தாங்க, நான்தான் பாத்துக்கிட்டேன். இன்னொரு தடவ பாக்க எனக்குத் தெம்பில்ல. இதை வெளிய சொல்லவும் வெக்கமா இருந்துச்சு."

அவர் எழுந்துபோய் உள்ளறையைத் திறந்தார், ஜன்னலையும் திறந்தார். மனைவியின் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, நல்லதாக ஒன்றை அக்காவிடம் நீட்டினார்.

"உனக்குக் கதவு முன்னாடியே இருக்குக்கா. நான்தான் சாத்தி வச்சிருந்தேன்."

அன்றிலிருந்து அவர் முன்னறையில்தான் படுத்தார். ஒரு பக்கம் பெயிண்டரின் குறட்டை, இன்னொரு பக்கம் தூக்கத்தில் ஸ்டாப்பிங் பேர் சொல்லும் கண்டக்டர். அவ்வளவு சத்தத்திலும் மனிதர் அடித்துப்போட்டாற்போலத் தூங்கினார். முதல் நாள் எழுந்தபோது மணி ஒன்பது. அவரை எழுப்பிவிடக் கூடாதென்று வீடே நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தது. அவருக்கென்று ஓர் அறை கடைசிவரை வரவில்லை. அக்கா ஒருமுறை அதைச் சொல்லி வருத்தப்பட்டபோது, தனக்கு என்ன குறைச்சல் என்று நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

அனுமதியில்லாமல் கட்டியிருக்கிறார்கள் என்று யாரோ எழுதிப் போட, அடுத்த கோடையில் ஆபீசிலிருந்து சர்வேயர் வந்தார். வெளியே அளந்தார், இருபதுக்குப் பதினைந்து அடி. உள்ளே அளந்தார், பெயிண்டர் அறை வாசலிலேயே டேப் தீர்ந்துபோனது. அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, 'வீடு ஒன்று, மாற்றமில்லை' என்று எழுதிக்கொண்டு எழுந்தார். வரும்போது இல்லாத ஒரு பச்சைக் கதவு அவருக்குப் பக்கத்தில் நின்றது. யாருக்கென்று இன்னும் யாருக்கும் தெரியாது.

"பாத்துப் போங்க சார்" என்றார் பல்செட்காரர், மெழுகிலிருந்து தலையைத் தூக்காமலே. "பெயிண்ட் இன்னும் காயல."