வெள்ளையம்மாவின் தலையணை

எங்கள் வீட்டுக்கும் பெருமாள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வேண்டாததெல்லாம் என் காதில் விழும். ஐம்பத்திரண்டாம் வருடம் அவருடைய அம்மா வெள்ளையம்மாவுக்குச் சயரோகம் வந்ததும், மாட்டுக்கொட்டகையில் கட்டிலைப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். மகன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மருமகள் செல்வம்மாள் கஞ்சிக் கலயத்தை ஒரு குச்சியால் உள்ளே தள்ளிவிட்டு ஓடுவாள். அதைப் புகட்டியதும் கோழையைத் துடைத்ததும் அவர்கள் நிலத்தில் கூலிக்கு இருந்த மாரம்மாதான்.

கிழவி செத்த மறுநாள் நகைக்காகப் பெட்டியெல்லாம் புரட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. படுக்கையைத் தொடவோ யாருக்கும் மனமில்லை. ஏரிக்கரையில் வீசிவிடு, வேண்டுமானால் நீயே வைத்துக்கொள் என்று மாரம்மாவிடம் பெருமாள் தாராளமாகச் சொன்னார். பாயை வீசிவிட்டு, பஞ்சுக்காகத் தலையணையை மட்டும் அவள் கொண்டுபோனாள்.

பிரித்தால் உள்ளே ஓர் அட்டிகை. மாரம்மாவின் மகள் நஞ்சம்மாவுக்குக் காதில் போடப் பொட்டுத் தங்கம் இல்லாமல் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. அட்டிகையை அழித்துத் தோடு செய்ய முடியுமா என்று கெலமங்கலத்து ஆசாரியிடம் போய்க் காட்டினாள். தன் கைவேலை அவருக்குத் தெரியாதா? பார்க்கலாம் என்று அவளை அனுப்பிவிட்டு, பெருமாளுக்கு ஆள் விட்டார்.

அன்று சாயங்காலமே புருஷனும் பெண்சாதியும் ஊர்ப் பெரியவர்கள் இருவரோடு மாரம்மா குடிசைக்கு முன்னால் நின்றார்கள். தெருவே கூடிவிட்டது. நானும் போனேன். நீங்கள்தானே வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள் என்று மாரம்மா கேட்டாள்.

"தலகாணியத்தான் குடுத்தேன். நகையக் குடுத்தேனா?" என்றார் பெருமாள்.

பெரியவர்கள் அது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். த்தூ, இதுவும் ஒரு நியாயம். போலீஸ் என்ற பேச்சும் வந்தது. மாரம்மா உள்ளே போய், அட்டிகையைப் பழையபடி பஞ்சுக்குள் திணித்து, தலையணையைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"இதுலதான் இருந்துச்சு சாமி, இதுலயே இருக்குது. உங்கம்மா கக்குன ரத்தம் உள்ள வரைக்கும் ஊறிக் கெடக்குது. நீங்களே கைய வுட்டு எடுத்துக்கங்க."

மனிதன் கூசிப் பின்வாங்குவான் என்றுதான் நினைத்தேன். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கை வரை விட்டார். பஞ்சு கறுத்துக் கட்டி கட்டியாக வந்தது. அந்த நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அட்டிகையை வேட்டியில் துடைத்து மடியில் செருகிக்கொண்டார். மாரம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதோடு போயிருக்கலாம்.

"இன்னுங் கொஞ்சம் தேடுங்க. அத்தைக்கு ஒரு ஜோடி காப்பும் இருந்துச்சு" என்றாள் செல்வம்மாள்.

அவளும் புழுதியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கட்டியாக விரலால் பிய்த்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். இருட்டும் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. கிழவி படுத்த படுக்கைக்குப் பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.